சிறு போர்ப்படகுகள்: படம் ஓரிடம், குரல் ஓரிடம். மூன்று இணையக் காப்பகங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

இரண்டாம் உலகப் போரின் பெரிய போர்க்கப்பல்களைப் பற்றித் தேடினால் தகவல் கொட்டிக் கிடக்கிறது. டார்பிடோ படகு, மோட்டார் லாஞ்ச், தரையிறங்கு படகு என்று 36 அடியிலிருந்து 115 அடி வரை நீளமுள்ள சின்னப் படகுகளில் வேலை பார்த்தவர்களைத் தேடினால் அப்படிக் கிடைப்பதில்லை. பெரும்பாலான படகுகளுக்குப் பெயரே கிடையாது, எண்தான். அவர்களைத் தேடுகிறவருக்கு வீட்டிலிருந்தே காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய பெரிய சேவைகள் மூன்று இருக்கின்றன: லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் சேகரிப்புத் தளம், அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தின் கேட்டலாக், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் வெட்டரன்ஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட்.

மூன்றையும் நாங்கள் அளப்பது ஒரே கோலால். இந்தப் படகுகளின் படங்களில் பெரும்பாலும் ஒலி இல்லை. முன்னாள் மாலுமிகளின் ஒலிப்பதிவுகளில் படம் இல்லை. ஒன்றை மற்றொன்றோடு பொருத்தும்போதுதான் இரண்டும் பேசும். அப்படிப் பொருத்த எந்தச் சேவை எவ்வளவு உதவுகிறது என்பதே கேள்வி.

முதலில் படத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் கரையோரப் படகுப் படை சண்டையிட்டது பெரும்பாலும் இரவில். அன்றைய கொடாக்ரோம் வண்ணப் பிலிமின் உணர்திறன் இன்றைய கணக்கில் ஐஎஸ்ஓ 10 அளவுதான். வேகமான கறுப்பு வெள்ளைப் பிலிம்கூட 100-ஐ ஒட்டியே நின்றது. நிலவொளியில் ஓடும் படகிலிருந்து அதில் எதுவும் பதியாது. அதனால் டார்பிடோ படகு சீறிப் பாய்வதாக நாம் பார்க்கும் காட்சிகளில் மிகப் பெரும்பாலானவை பகலில் நடந்த பயிற்சியின்போதோ, துறைமுகத்திலிருந்து கிளம்பும்போதோ, திரும்பும்போதோ எடுத்தவை. இன்னொரு எல்லை சுருளின் நீளம். போர்முனைக் கேமராமேன்கள் தூக்கித் திரிந்த ஐமோ போன்ற 35 மி.மீ. ஸ்பிரிங் கேமராவில் 100 அடிச் சுருள் ஒன்று வினாடிக்கு 24 ஃபிரேமில் 1 நிமிடம் 7 வினாடிதான் ஓடும். முடிந்தால் சுருளை மாற்ற வேண்டும். அலையில் குதிக்கும் படகில் அது எளிதல்ல. காட்சிகள் ஐந்து வினாடி, எட்டு வினாடித் துண்டுகளாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிரான்சின் செயின்ட் நாசேர் துறைமுகத்தில் பிரிட்டன் நடத்திய தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மார்ச் 28 அதிகாலை. கேம்பெல்டவுன் என்ற நாசகாரிக் கப்பலோடு 16 மோட்டார் லாஞ்சுகளும், எம்ஜிபி 314 என்ற பீரங்கிப் படகும், எம்டிபி 74 என்ற டார்பிடோ படகும் இந்தத் தாக்குதலுக்காகக் கிளம்பியிருந்தன. தூரம் போதாததால் லாஞ்சுகளின் மேல்தளத்திலேயே கூடுதல் பெட்ரோல் தொட்டிகள் வைத்திருந்தார்கள். அந்த 18 சின்னப் படகுகளில் தாக்குதலை முடித்து இங்கிலாந்து வந்து சேர்ந்தவை 3. எம்ஜிபி 314-இன் முன்தளப் பீரங்கியில் நின்ற வில்லியம் சாவேஜ் என்ற மாலுமிக்கு இறந்தபின் பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்த இரவில் தளத்தில் என்ன நடந்தது என்பதை மீண்டு வந்தவர்களின் வாய்மொழியிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும்தான் தெரிந்துகொள்ள முடியும். இங்கே இம்பீரியல் வார் மியூசியத்தின் ஒலிப்பதிவுகளுக்கு இணையாக வேறு எதையும் சொல்ல முடியாது.

அந்த மியூசியத்தின் ஒலிக் காப்பகம் 1972-இல் தொடங்கியது. ஒவ்வொரு பேட்டியும் ஏறத்தாழ அரை மணி நேர ரீல்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பல பதிவுகளுக்கு, எந்த ரீலில் என்ன பேசப்படுகிறது என்று ரீல் வாரியாகச் சுருக்கம் உண்டு. இந்தச் சுருக்கம்தான் இச்சேவையின் உயிர்நாடி. ஆறு ரீல் பேட்டியில் நமக்கு வேண்டிய பயிற்சித்தளப் பகுதி இரண்டாவது ரீலில் என்று தெரிந்தால் இரண்டரை மணி நேரம் மிச்சம். கேள்வி கேட்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். "பயமாக இருந்ததா?" என்பதோடு விட்டுவிடாமல், இயந்திர அறையில் எத்தனை பேர், காது கேட்காத இடத்தில் கட்டளை எப்படி வந்தது, சாப்பாடு எங்கே சமைத்தார்கள் என்று துருவிக் கேட்ட பேட்டிகள் நிறைய.

தேடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் 'சின்னப் படகு' என்று அடித்தால் டன்கர்க் மீட்புப் படகுகள் எல்லாம் வந்து குவியும். எம்டிபி (டார்பிடோ படகு), எம்ஜிபி (பீரங்கிப் படகு), எம்எல் (மோட்டார் லாஞ்ச்), எச்டிஎம்எல் (துறைமுகக் காவல் லாஞ்ச்) என்று சுருக்கெழுத்தைப் போட்டுத் தேடுங்கள். கரையோரப் படகுப் படையின் ஆங்கிலப் பெயரான 'கோஸ்டல் ஃபோர்சஸ்' என்றும் தேடுங்கள். அதைவிட நல்ல வழி தளத்தின் பெயரைப் போடுவது. கோஸ்போர்ட்டில் எச்எம்எஸ் ஹார்னெட், ஃபீலிக்ஸ்டோவில் பீஹைவ், லோஸ்டாஃப்டில் மான்டிஸ், கிரேட் யார்மத்தில் மிட்ஜ், ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் பயிற்சித்தளமான செயின்ட் கிறிஸ்டபர். பெயரைப் பார்த்தால் கப்பல் போலத் தெரியும்; எல்லாம் கரையில் இருந்த தளங்கள். ஹார்னெட் என்று தேடும்போது அதே பெயருள்ள அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலும் வந்து கலக்கும். அதைக் கவனமாக ஒதுக்க வேண்டும்.

இந்தக் குரல்களில் திரும்பத் திரும்ப வருவது பெட்ரோல். பிரிட்டிஷ், அமெரிக்க டார்பிடோ படகுகள் ஓடியது உயர் ஆக்டேன் பெட்ரோலில். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். விசிறி போட்டு அந்த ஆவியை வெளியேற்றாமல் இயந்திரத்தைக் கிளப்பினால் ஒரு பொறி போதும். எதிரே வந்த ஷ்னெல்போட் என்ற ஜெர்மன் டார்பிடோ படகுகளுக்கு டீசல் இயந்திரம். குண்டு பட்டாலும் எளிதில் தீப்பிடிக்காது என்பதால் பிரிட்டிஷ் மாலுமிகள் அதைப் பொறாமையோடு பேசுகிறார்கள். 1945 பிப்ரவரி 14 அன்று பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்தில் நீர்மேல் பரவிய பெட்ரோல் தீப்பற்றி, அருகருகே கட்டியிருந்த 12 டார்பிடோ படகுகள் போயின; 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எதிரி அன்று ஒரு குண்டும் சுடவில்லை. துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் சாதாரணப் படக்காட்சியை, இது தெரிந்தபின் வேறு கண்ணோடுதான் பார்ப்பீர்கள்.

குறைகளும் உண்டு. கேட்டலாக்கில் இருக்கும் எல்லாப் பதிவுகளையும் இணையத்தில் கேட்க முடியாது. சிலவற்றுக்குக் குறிப்பு மட்டும்தான். ரீல் முடியும் இடத்தில் பேச்சு பாதியில் அறுந்து அடுத்ததில் தொடரும். எல்லாவற்றையும்விட முக்கியம், பேசுகிறவர் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பேசுகிறார் என்பது. ஆட்களின் பெயர், இயந்திரத்தின் கோளாறு, படகின் வாடை, தளத்தின் வழுக்கல் இவையெல்லாம் துல்லியமாக நினைவிருக்கும். தேதி நழுவும், எந்தச் சண்டை முன்னால், எது பின்னால் என்பது நழுவும். எனவே தேதியை அவர் வாயிலிருந்து எடுக்காதீர்கள். "விடுப்பு முடிந்து வந்த வாரம்", "புது இயந்திரம் பொருத்திய பிறகு" என்பது போன்ற அடையாளங்களைக் குறித்துக்கொண்டு தேதியை அறிக்கையில் தேடுங்கள். பிரிட்டிஷ் சண்டை அறிக்கைகள் பல, லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏடிஎம் 199 என்ற தொகுதியில் இருக்கின்றன.

அதே மியூசியத்தின் திரைப்படப் பகுதிக்கு எங்கள் மதிப்பெண் கொஞ்சம் குறைவு. படக்குறிப்புகள் தரமானவை; எந்தக் கோணம், என்ன தெரிகிறது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் குறிப்பு இருக்கும் பல சுருள்களைத் தளத்தில் ஓடவிட்டுப் பார்க்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். எண்களின் முன்னொட்டைக் கவனித்தால் நேரம் மிச்சமாகும்: ஏ70 என்று தொடங்குபவை ராணுவப் படப்பிரிவு எடுத்த சுருள்கள், வெறும் ஏ என்று தொடங்கி எண் வருபவை கடற்படையின் நிழற்படங்கள். நிழற்படங்களைத் தள்ளிவிடாதீர்கள். ஓடும் படத்தில் மங்கலாகத் தெரியும் படகு எண், அதே நாளில் எடுத்த நிழற்படத்தில் பளிச்சென்று இருக்க வாய்ப்புண்டு.

ஓடும் படம் வேண்டுமென்றால் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகம்தான். கடற்படையின் படச்சுருள்கள் ஆர்ஜி 428 என்ற பதிவுக்குழுவில் பெரிய அளவில் உள்ளன. மூலச் சுருள்கள் மேரிலாண்டின் காலேஜ் பார்க் கட்டடத்தில். எண்மமாக்கியவற்றை எம்பி4 கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க அரசு ஊழியர் பணியின்போது எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்பதால், வெட்டலாம், ஒட்டலாம், வெளியிடலாம். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியவருக்கு இது பெரிய வசதி. தலைப்புகள் மட்டும் சுருக்கமானவை, 'பி.டி. படகுகள்' (அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோ படகுகள்) என்பதற்கு மேல் விவரம் இல்லாத சுருளும் உண்டு. அதில் வருவது எந்தப் படகு, எந்தக் கடல் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இறக்கியதும் முதலில் செய்ய வேண்டியது வேகச் சோதனை. போர்க்காலத் தொழில்முறைப் படங்கள் பெரும்பாலும் 24 ஃபிரேமில் எடுத்தவை. மாலுமிகள் சொந்தமாக எடுத்த 8 மி.மீ., 16 மி.மீ. படங்களோ வினாடிக்கு 16 ஃபிரேம். அதை அப்படியே 24-இல் மாற்றியிருந்தால் எல்லாமே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஸ்பிரிங் தளர்ந்த கேமராவில் எடுத்த கடைசிச் சில வினாடிகளும் இப்படித்தான் விரையும். கண்ணால் பார்த்து முடிவுசெய்யாமல் கணக்குப் போடலாம். ஒரு மிதவையையோ தூணையோ படகின் முன்முனை தொடும் ஃபிரேமிலிருந்து பின்முனை கடக்கும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஃபேர்மைல் பி மோட்டார் லாஞ்சின் நீளம் 112 அடி, உச்ச வேகம் 20 நாட் அளவு. ஒரு நாட் என்பது வினாடிக்கு 1.69 அடி. ஆக 20 நாட்டில் அது தன் நீளத்தைக் கடக்க 3.3 வினாடி ஆக வேண்டும், அதாவது 24 கணக்கில் 80 ஃபிரேம். நீங்கள் எண்ணியது 53 என்றால் அந்தப் படகு 30 நாட்டில் ஓடியிருக்க வேண்டும். 650 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஹால்-ஸ்காட் இயந்திரங்களால் அது நடக்காது. படம்தான் வேகமாக ஓடுகிறது. விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.67 ஆக வைத்துப் பாருங்கள். கேமராவும் ஓடும் படகில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது தளத்தில் நடக்கும் ஆளின் நடையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலி இருந்தால் நம்பாதீர்கள். செய்திப்படங்களில் கேட்கும் இயந்திர இரைச்சலும் வெடிச்சத்தமும் பெரும்பாலும் ஸ்டுடியோவில் சேர்த்தவை. பி.டி. படகின் மூன்று பேக்கர்ட் இயந்திரங்கள் எப்படி இரைந்தன, எதிரியை நெருங்கும்போது புகையைச் சைலன்ஸர் வழியே திருப்பிவிட்டு மெல்ல ஊர்ந்தபோது எப்படி அடங்கின என்பதற்கு மாலுமிகளின் வாய்மொழிதான் சான்று.

படத்தையும் குரலையும் இணைக்க டார்பிடோக் குழாயைவிட நல்ல இடம் இல்லை. தொடக்ககாலப் பி.டி. படகுகளில் மார்க் 8 டார்பிடோக்கள் எஃகுக் குழாய்களில் இருந்தன. கருமருந்து வெடித்து அவற்றை வெளியே தள்ளும். குழாயின் உட்புறம் பூசிய கிரீஸ் சில நேரம் தீப்பற்றிச் சிவப்பாகப் பளிச்சிடும். இரவில் அந்த ஒளி படகு நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பசிபிக்கின் சாலமன் தீவுகளில் பணிபுரிந்தவர்கள் இதைக் கசப்போடு சொல்கிறார்கள். பகல் படத்தில் பார்த்தால் ஒரு சின்னப் புகைத்திரள், அவ்வளவுதான். பின்னாளில் குழாய்களைக் கழற்றிவிட்டு, மார்க் 13 டார்பிடோவைப் பக்கவாட்டில் உருட்டித் தள்ளும் லேசான சட்டங்களைப் பொருத்தினார்கள். எடை குறைந்தது, ஒளி போயிற்று. ஆகவே தேதியில்லாத சுருளில் குழாய் இருக்கிறதா, சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். போரின் முற்பாதியா பிற்பாதியா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தரையிறங்கு படகுகளிலும் இப்படி ஒரு சோதனை உண்டு. நார்மண்டி என்று எழுதிய எந்தத் துண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது படகோட்டியை. பிரிட்டிஷ் தரையிறங்கு படகான எல்சிஏ-வில் அவர் முன்பக்கம் வலது ஓரத்தில் கவசத் தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பார். ஆட்கள் குறுகலான வாசல் வழியே வரிசையாக வெளியேறுவார்கள். அமெரிக்க ஹிக்கின்ஸ் படகான எல்சிவிபி-யில் அவர் பின்பக்கம் நிற்பார். 36 அடிப் படகின் முன்சுவர் அகலமாகக் கீழே விழும். தலைப்பு ஒமாஹா (நார்மண்டியில் அமெரிக்கப் படை இறங்கிய கடற்கரை) என்று சொல்லி, படம் எல்சிஏ-வைக் காட்டினால் உடனே தவறு என்று முடிவுகட்டாதீர்கள். ஒமாஹாவில் ரேஞ்சர்கள் என்ற அமெரிக்க அதிரடிப் படையினர் வந்தது பிரிட்டிஷ் எல்சிஏ-க்களில்தான். ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் அது. படகுக்குள்ளிருந்து ஆட்கள் கதவு திறந்து கரைக்கு ஓடும் அந்தப் புகழ்பெற்ற சில வினாடிகள், எத்தனையோ படங்களில் வெவ்வேறு படையின் பெயரில் வருகின்றன. அவை கனடா ராணுவப் படப்பிரிவு படகில் பொருத்திய கேமராவில் ஜூனோ கடற்கரையில் பதிந்தவை.

மூன்றாவது சேவையான வெட்டரன்ஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட், அமெரிக்க காங்கிரஸ் 2000-இல் இயற்றிய சட்டத்தால் உருவானது. பேட்டி எடுப்பவர்கள் தன்னார்வலர்கள்: பேரப்பிள்ளைகள், பள்ளி மாணவர்கள், உள்ளூர் நூலகர்கள். குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது விதி. தரம் ஒரே சீராக இல்லை. படகைப் பற்றி எதுவும் தெரியாமல் கேட்பவர், பெரியவர் சொல்லவந்த முக்கியமான விஷயத்தைப் பாதியில் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இன்னொரு பக்கம், வீட்டு மனிதர் கேட்பதால் மியூசியக்காரரிடம் சொல்லாததைச் சொல்கிறவர்களும் உண்டு. பேட்டியைவிட நாங்கள் மதிப்பது அதோடு சேர்ந்து வரும் கடிதங்கள், நாட்குறிப்புகள், நிழற்படங்களைத்தான். அவை அன்றே எழுதியவை, அன்றே எடுத்தவை.

இங்கேயும் நினைவின் சறுக்கல்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பி.டி. படகு பிளைவுட்டால் ஆனது என்று அதில் இருந்தவர்களே சொல்வார்கள். உண்மையில் வெளிச்சுவர், குறுக்குமறுக்காக அடித்த இரண்டடுக்கு மஹாகனிப் பலகை. நடுவே பசையில் தோய்த்த துணி. 50 நாட்டில் பறந்தோம் என்பார்கள். புதுப் படகு சோதனையில் 40-ஐத் தாண்டியது உண்மை. வெப்பமண்டலக் கடலில் பாசி படிந்து, மரம் நீரூறி, கூடுதல் பீரங்கிகளைச் சுமந்த பின் அந்த வேகம் கிடைக்கவில்லை. பேச்சுக்கு நேராகப் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பை வைத்துப் பாருங்கள். ஆர்ஜி 38-இல் உள்ள இரண்டாம் உலகப் போர் நாட்குறிப்புகள் அதே தேசியக் காப்பகக் கேட்டலாக்கிலேயே கிடைக்கின்றன. தனிப் படகின் எண்ணைவிடப் படைப்பிரிவு எண்ணைப் போட்டுத் தேடினால்தான் பலன்.

வியட்நாம் ஆற்றுப்படகுகளில் நாட்டமுள்ளவர்கள் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் காப்பகத்துக்குப் போகலாம். வாய்மொழிப் பதிவுகளும் ஆவணங்களும் ஒரே இடத்தில் தேடக் கிடைக்கும். 1965-இல் சூப்பர் 8 வந்தபின் மாலுமிகள் கையிலேயே கேமரா இருந்ததால் சொந்தப் படங்கள் அந்தப் போரில் அதிகம். 50 அடிக் கேட்ரிட்ஜ் 18 ஃபிரேமில் 3 நிமிடம் 20 வினாடி ஓடும். 24-இல் மாற்றியிருந்தால் வேகத்தை 0.75 ஆகக் குறைக்க வேண்டும். 31 அடி பிபிஆர் என்ற ஆற்று ரோந்துப் படகு ஃபைபர்கிளாஸால் ஆனது, புரொபெல்லர் இல்லை, நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும். படத்தில் படகு காரணமில்லாமல் நடு ஆற்றில் நின்றால், உறிஞ்சும் வாயில் தாவரக் குப்பை அடைத்திருக்கலாம். அதை எடுத்து ஓடவைத்த கதையை அந்தப் படகுக்காரர்கள் பேட்டிகளில் விரிவாகவே சொல்வார்கள்.

எங்கள் தரவரிசையில் குரலுக்கு லண்டன், படத்துக்கு அமெரிக்கத் தேசியக் காப்பகம், கடிதங்களுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ். மூன்றுக்கும் இடையே இணைப்பு எதுவும் இல்லாததுதான் பெரிய குறை. ஒன்றில் கண்டதை மற்றொன்றில் தேட நாமே ஒரு தாளில் படகு எண், படைப்பிரிவு, தளம், ரீல் எண், நிமிடம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்தால் பதிவுகளில் குறிச்சொல் சேர்க்கலாம், கருத்து எழுதலாம். வெறும் 'பி.டி. படகுகள்' என்றிருக்கும் சுருளில் நீங்கள் படகு எண்ணைக் கண்டுபிடித்தால், அது எத்தனையாவது நிமிடத்தில் தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். அந்த எண்ணை அடுத்துத் தேடி வருபவர் அந்தப் படகில் இருந்தவரின் குடும்பத்தாராக இருக்கலாம்.